கண்ணாடிக்காரியின் வலது கண்

ஜன்னல் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுவது அவள், சட்டத்தில் பொருத்துவது அவள் கணவன். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். போன வருஷம் அவளுடைய வலது கண்ணில் விழித்திரை விலகிப்போய், அறுவை செய்து ஒட்டவைத்தார்கள். ஒட்டியது விலகாமலிருக்க நாள்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடந்து மீட்ட பார்வை அது. இடது கண் சின்ன வயதிலிருந்தே பேருக்குத்தான். இப்போது அந்த வலது கண்ணிலும் புரை விழுந்து, கண்ணாடியின் விளிம்பு எது, மேஜையின் விளிம்பு எது என்று தெரியாமல் போனது.

முதலில் பார்த்த டாக்டர் கைவைக்கத் தயங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கிருந்த டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. பழைய அறுவையில் கண்ணுக்குள் இருந்த ஜெல்லை எடுத்தாகிவிட்டது. புரை விழுந்த லென்ஸைப் பின்னாலிருந்து தாங்க எதுவுமில்லை. அதை எடுக்கும்போது மெல்லிய உறை கிழிந்தால் லென்ஸ் உள்ளே விழலாம். எல்லாம் நல்லபடி முடிந்தாலும் விழித்திரையில் பட்ட அடி பட்டதுதான் என்றார்.

வெளியே வந்ததும் கணவன் கெஞ்சினான். அறுவை வேண்டாம், தெரிகிறவரை போதும், வெட்ட ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றான்.

"தானா மங்கிப் போறதைப் பாத்துக்கிட்டு உக்கார என்னால முடியாதுங்க," என்றாள் அவள். "போறதா இருந்தா, முயற்சி பண்ணிட்டுப் போகட்டும்."

இருவரும் உள்ளே திரும்பிப்போய் நாள் குறித்தார்கள்.

சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்துதான் தொடங்கினார்கள். பாதியில், கண்ணை யாரோ பின்பக்கமாக இழுப்பதுபோல் சுரீரென்று வலித்தது. மேஜை விளிம்பை இறுகப் பிடித்தாள், தலையை அசைக்கவில்லை.

"லென்ஸ் பின்னால போகுது. கொஞ்சம் நிறுத்துறேன்," என்றார் டாக்டர். "அசையாம இருப்பீங்களா?"

"நீங்க உங்க வேலையப் பாருங்க டாக்டர். நான் அசைய மாட்டேன்."

அறுவைக்காகக் கண்ணுக்குள் செலுத்தும் நீரின் அழுத்தத்தைக் குறைத்து, வலி அடங்கியதும் டாக்டர் மறுபடி தொடங்கினார். அவள் எச்சில் விழுங்கக்கூட யோசித்துக்கொண்டு கிடந்தாள். உறை கிழியவில்லை. புது லென்ஸ் உட்கார்ந்தது.

மறுநாள் கட்டைப் பிரித்ததும், சவரம் செய்யாத கணவனைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு வருகிற லட்சணமா இது என்று கேட்டாள். அவன் அழுதுவிட்டான். ஆனால் அவளுக்கு ஜன்னல் கம்பிகள் நடுவில் லேசாக நெளிந்து தெரிந்தன. அது விழித்திரையின் பழைய வடு, மாறாது என்றார் டாக்டர்.

கண் ஆறியபின் கழிவுக் கண்ணாடித் துண்டுகளில் வெட்டிப் பழகினாள். நெளிகிற கோட்டை நம்பாமல், இரும்பு ஸ்கேலை ஒட்டியே கையை ஓட்டினாள். முதலில் எல்லாம் கோணல். பிறகு நேரானது. பெரிய கண்ணாடிகளை வெட்டுவதை மட்டும் கணவனிடம் விட்டிருக்கிறாள். அவனுக்கு இன்னும் கை வரவில்லை; திட்டித் தீர்க்கிறாள்.