தெரியாத மாதிரி முழி

கொக்கிகளில் தலைகீழாகத் தொங்கியபடி கோழிகள் வந்துகொண்டே இருந்தன. கீறிய வயிற்றுக்குள் கையை விட்டு, ஒரு சுழற்று சுழற்றி, குடலையும் ஈரலையும் ஒன்றாக இழுத்துக் கீழே ஓடுகிற வாய்க்காலில் போட வேண்டும். பெரியவள் இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அம்மாவும். இரண்டு மகள்களில் மூத்தவள் என்று வீட்டில் கூப்பிட்ட பெயர் கோழிக் கம்பெனியிலும் ஒட்டிக்கொண்டது. முதல் நாள் குடலைப் புரட்டிய நாற்றம் இப்போது அவளுக்குத் தெரிவதே இல்லை. பேருந்தில் பக்கத்து ஆள் எழுந்து வேறு இடம் பார்க்கும்போதுதான் ஞாபகம் வரும்.

பள்ளி முடிந்து பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வகுப்பு தொடங்குமுன் கணக்கில் ஒரு தேர்வு உண்டு. தேறினால் நேராக முதலாண்டு. தேறாவிட்டால் ஒரு வருஷம் ஆயத்த வகுப்பு. அதற்கெல்லாம் வீட்டில் வழியில்லை. பள்ளியில் நுண்கணிதப் பாடத்தை, "இது பரீட்சைக்கு வராது" என்று வாத்தியார் தாண்டிப் போய்விட்டார். அதனால் விடுமுறை முழுக்க அம்மாவோடு வேலைக்கு வந்தவள், சாப்பாட்டு நேரத்தில் உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் இலவசப் பாடங்களைப் பார்த்தாள். நிறுத்துவாள், பின்னால் தள்ளுவாள், காகிதத்தில் போட்டுப் பார்ப்பாள். வளைகோட்டின் சரிவை ஒரே ஒரு புள்ளியில் எப்படிப் பிடிப்பது என்று புரிந்த அன்று சந்தோஷத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாள் முழுக்கத் தொட்டதில் அது ஒன்றுதான் வழுக்கவில்லை, நாறவில்லை.

"தின்னுட்டுப் படியேண்டி. கணக்கு எங்க ஓடிப்போயிடும்?" என்பாள் அம்மா.

ஒரு பாடத்தின் கீழே அவள் சந்தேகம் ஒன்றை எழுதினாள். கோழிக் கம்பெனி இடைவேளையில் படிக்கிறேன், பதில் சுருக்கமாக இருந்தால் நல்லது என்றும் சேர்த்தாள். சந்தேகத்துக்குப் பதில் வரவில்லை. பாடம் நடத்தும் நிறுவனத்திலிருந்து ஒருத்தி அழைத்தாள்.

"உங்க கதை எங்களை உலுக்கிடுச்சும்மா. ஒரு சின்ன விளம்பரப் படம் எடுத்துக்கறோம். பதிலுக்கு, தேர்வு வரைக்கும் எங்க முழுப் பாடத்தையும் உங்களுக்குத் திறந்துவிடறோம். மாதிரித் தேர்வு, திருத்தித் தர ஆசிரியர், எல்லாமே."

நுண்கணிதத்தில் அவள் இன்னும் தொடாத தொகையீடு முழுக்க, காசு கட்டினால்தான் திறக்கும் பக்கத்தில் பூட்டிக் கிடந்தது. பெரியவள் சரி என்றாள்.

படம் எடுக்க வந்த அன்று, கல்லூரிக்கென்று தைத்து வைத்திருந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். மேஸ்திரிகூடத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார். அழைத்துப் பேசிய கண்ணாடிக்காரியும், படம் பிடிக்கிற தொப்பிக்காரனும் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி உள்ளே வந்தார்கள்.

"இது வேணாம்மா, வேலைத் துணியைப் போட்டுக்கோ," என்றான் தொப்பிக்காரன். "மூஞ்சியும் ரொம்பச் சுத்தமா இருக்கே."

கழுவிவிட்டிருந்த தரையில் ஒரு வாளி குடலைக் கொட்டச் சொன்னான். மிச்சத்தில் தூரிகையை முக்கி, அவர்களோடு வந்த ஒப்பனைக்காரன் அவள் கன்னத்தில் தீற்றினான். தினமும் முழங்கை வரை அதில் கிடக்கிறவள்தான். இருந்தும் தூரிகை பட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கரும்பலகையை நிறுத்தி, ஏதாவது கணக்குப் போடு என்றார்கள். அவள் ஒரு வகையீட்டைப் போட்டு முடித்தாள்.

"இது யாருக்கும்மா புரியும்? நான் ஏழெட்டு எவ்வளவுன்னு எழுதறேன். நீ தெரியாத மாதிரி முழி."

"அம்பத்தாறு சார்."

"அது எனக்கும் தெரியும். தெரியாத மாதிரி முழிக்கணும். அப்பத்தானே எங்க பாடத்தால நீ வளர்ந்தது தெரியும்?"

பக்கத்தில் அம்மாவை நிறுத்தி அழச் சொன்னார்கள்.

"நான் எதுக்கு அழணும்? எம் பொண்ணு நல்லாத்தானே படிக்கிறா?"

"தாய்ப்பாசத்தைக் காட்டணும்மா."

"பாசத்தைக் காட்ட அழுவாங்களா? நல்ல கதையா இருக்கே!"

கடைசியில் அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். பெரியவள் முழித்தாள். முழித்தது போதவில்லை என்று திரும்பவும் முழிக்க வைத்தார்கள். வாயை லேசாகத் திறந்துகொண்டு முழித்தபோதுதான் தொப்பிக்காரன், "பிரமாதம்!" என்றான்.

அவர்கள் போன பிறகு குழாயடியில் சோப்புப் போட்டுக் கன்னத்தைத் தேய்த்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி தேய்த்தாள்.

"விடுடி," என்றாள் அம்மா. "காரியம் ஆகணும்னா கழுதை காலையும் பிடிக்கணும்."

"பிடிச்சாச்சும்மா. உதைக்காம இருந்தா சரி."

பாடம் திறந்துதான் இருந்தது, விளம்பரம் வெளிவரும் வரை. 'ஏழெட்டு தெரியாத பெண், இன்று எங்களால் பொறியியல் கல்லூரிக்கு!' என்று உருக்கமான ஒரு குரல் சொன்னது. கம்பெனியில் அவளைக் கண்டாலே, "ஏழெட்டு!" என்று கூவினார்கள். அந்த வாரமே பக்கம் பூட்டிக்கொண்டது. அழைத்துக் கேட்டாள்.

"அது அறிமுகச் சலுகைம்மா. இதுக்கு மேல எங்க கையில ஒண்ணும் இல்ல," என்று கண்ணாடிக்காரி வைத்துவிட்டாள்.

ஆடு நனைகிறதென்று அழுத ஓநாய் தின்றுவிட்டு நடையைக் கட்டியிருந்தது. பெரியவள் வேறு இடத்தில் தேடினாள். தொண்டை கரகரத்த ஒருவர், பின்னணியில் நாய் குரைக்க, யாரிடமும் எதுவும் கேட்காமல் தொகையீடு நடத்திக்கொண்டிருந்தார். அவரிடமே படித்து முடித்தாள். பழைய வினாத்தாள்களைத் தானே போட்டு, தானே திருத்திக்கொண்டாள். தேர்வில் பேனா எங்கும் நிற்கவில்லை.

சில நாள் கழித்து நேரில் வரச் சொல்லிக் கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. சேர்க்கைக்குத்தான் என்று நினைத்து அம்மாவும் கூடவே வந்தாள். அம்மாவை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே துறைத் தலைவரும் இளம் விரிவுரையாளர் ஒருவரும் இருந்தார்கள். இளையவர் தன் கைபேசியை அவள் முன் நீட்டினார். அதில் கன்னத்தில் குடல் அழுக்கோடு, வாயைத் திறந்துகொண்டு அவள் முழித்தாள்.

"இது நீதானே?"

"ஆமா சார்."

"போன மாசம் ஏழெட்டு தெரியல. இப்போ தொகையீட்டுல ஒரு தப்புகூட இல்ல. எப்படி?"

"தெரியாத மாதிரி முழிக்கச் சொன்னாங்க சார்."

"அப்போ ஊருக்கெல்லாம் பொய் சொல்லியிருக்க."

ஆமாம் என்றாலும் மாட்டினாள், இல்லை என்றாலும் மாட்டினாள்.

"பொய் சொல்லத் தெரிஞ்சவளுக்குப் பார்த்தெழுதத் தெரியாதா?" என்றார் துறைத் தலைவர், கோபமே இல்லாமல். "இங்கயே, எங்க கண் முன்னாடி இன்னொரு தடவை எழுது."

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. "எம் பொண்ணை எதுக்குங்க உள்ள வச்சுட்டீங்க?" யாரோ அவளை அதட்டினார்கள்.

மேஜை மேல் வினாத்தாளைக் கவிழ்த்து வைத்தார்கள். கைப்பையை வாங்கி ஓரமாக வைத்தார்கள். முடியை ஒதுக்கிக் காதுக்குள் பார்த்தார்கள்.

"கையைக் காட்டு," என்றார் இளையவர்.

காட்டினாள். உள்ளங்கை முழுக்கக் கோழி எலும்பு கீறிய கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக, கறுத்துப்போய். அவர் குனிந்து பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மேஜையிலிருந்த கிருமிநாசினிப் புட்டியைத் திறந்து பஞ்சை நனைத்து, அந்தக் கோடுகளின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். எரிந்தது.

பஞ்சைத் திருப்பிப் பார்த்தார். மை ஏதும் ஒட்டவில்லை. கீறல் மேல் படர்ந்திருந்த புதுத் தோல் கிழிந்து ஓரிடத்தில் ரத்தம் எட்டிப் பார்த்தது. அவர் வேறு பஞ்சை எடுத்து நனைத்துக்கொண்டு, "இன்னொரு கை," என்றார்.