இரண்டாம் பந்தியில் உட்கார்ந்த காற்று

முப்புடாதியின் மொட்டைமாடிக் காற்றாலை செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சுற்றவில்லை. மேற்குக் காற்று கோபித்துக்கொண்டு போய்விட்டது.

காற்றாலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூன்றே இறக்கைகள், ஒவ்வொன்றும் முழ நீளம். ஊரைத் தாண்டிக் குளத்தங்கரையில் இருந்த அந்த வீட்டுக்கு மின்கம்பம் வரவில்லை. பகலுக்கு ஒரு சோலார் தகடு, இரவுக்கு இந்தக் காற்றாலை. இரண்டையும் நம்பித்தான் அவள் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் முப்பது வாத்து முட்டைகளை வைத்திருந்தாள். இன்னும் மூன்று நாள்தான். அதற்குள் சூடு விட்டுப்போனால் முப்பதும் கூமுட்டை.

கோபத்தின் காரணம் அவளுக்குத் தெரியும். பழைய தகட்டைக் கழற்றிப் புதிது மாட்டியதற்குத் திங்களன்று வீட்டில் விருந்து. வெயிலுக்கு முதல் பந்தி, காற்றுக்கு இரண்டாம் பந்தி. அவள் கணவன் பலவேசம் பரிமாறினான். காற்றின் இலையில் அப்பளம் வைத்தான், பறந்தது. மறுபடி வைத்தான், அதுவும் பறந்தது. மூன்றாவது குளத்தில் போய் விழுந்ததும், விருந்தாளிக்கு அப்பளம் ஆகாது போல என்று அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டான். காற்று பாயசத்தைத் தொடவில்லை. வெற்றிலைகூட எடுக்காமல் எழுந்து போனது.

செவ்வாய் இரவு புருஷனும் பெண்டாட்டியும் முட்டைகளைக் கம்பளியில் சுற்றி, ஆளுக்குப் பதினைந்தாக அணைத்துக்கொண்டு படுத்தார்கள். புரண்டுகூடப் படுக்க முடியவில்லை. முப்புடாதிக்கு அழுகையே வந்துவிட்டது. விடிந்ததும் அப்பளம் பொரித்து டப்பாவில் அடுக்கி, மேற்குக் காற்று மலையைத் தாண்டி வரும் கணவாய்க்குப் பஸ் ஏறினாள்.

காற்று அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ வைத்துவிட்டுப் போன தினசரியைப் புரட்டிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்த பிறகும் புரட்டிக்கொண்டுதான் இருந்தது.

“அண்ணாச்சி, சாப்பிட்டியளா?”

“ஒங்க வீட்டுலதான் சாப்பிட்டேனே. வெறுஞ்சோறு.”

“கொறையா நெனச்சுக்கிடாதிய.”

“ரெண்டாம் பந்தின்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. வெயிலு வெள்ளன வார ஆளு, பசிச்சிருக்கும். ஆனா எல்லாரு எலையிலயும் அப்பளம் நொறுங்குது, நான் மட்டும் கையக் கட்டிக்கிட்டு இருந்தேன்.”

நீங்கள்தானே ஊதித் தள்ளினீர்கள் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. கோபத்தில் இருக்கிற விருந்தாளியிடம் நியாயம் பேசினால் உறவு அன்றோடு சரி. கொண்டுவந்திருந்த இலையை விரித்து அப்பளத்தை வைத்து, அது தின்று முடிக்கும்வரை ஓரத்தை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது அப்பளம். டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“குஞ்சு பொரிக்கும்போது தாய்மாமன் யாரு?” என்று கேட்டது காற்று.

அவளுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. “நீங்கதான்” என்றாள்.

திரும்பும்போது கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார். ஜன்னலோரத்தை அவள் காற்றுக்கே விட்டுக்கொடுத்தாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அன்று மாலையே காற்றாலை சுற்றியது. வெள்ளிக்கிழமை காலை இருபத்தொன்பது முட்டைகளிலிருந்து மஞ்சள் குஞ்சுகள் வந்தன. முப்பதாவது கடைசியாக விரிந்தது. உள்ளிருந்து சின்னக் காற்று ஒன்று, ஈரம் காயாமல் தள்ளாடிக்கொண்டே வெளியே வந்து, மற்றக் குஞ்சுகளின் கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டது.

பலவேசம் குனிந்து பார்த்தான். “அப்படியே மாமன் சாடை” என்றான்.

பத்தாம் நாள் குளத்தில் இறக்கியபோது எல்லாம் நீந்திப் போயின. சின்னக் காற்று மட்டும் தண்ணீருக்குப் பயந்து கரையில் நின்று, முப்புடாதியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை இறங்கினாள். அலகு எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்த்து, அந்தப் பக்கம் முன்னால் இருக்கும்படி மெல்ல நீரில் விட்டாள்.