இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு குரல்

“பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டீங்க மாமா, சாவிய அங்கேயே விட்டுட்டீங்க” என்றான் மச்சான்.

லிஃப்ட் மெக்கானிக் தன் புதுப் போனை மறுபடி தட்டிப் பார்த்தார். பழைய போனிலிருந்து எடுத்த ஒலிப்புத்தகக் கோப்பு முழுசாக இருந்தது. திறக்கத்தான் மாட்டேன் என்றது.

மச்சான் போன் பழுது பார்ப்பவன். விளக்கத் தொடங்கினால் விடமாட்டான். ஒலிப்புத்தகத்தை விற்ற நிறுவனம் அதைப் பூட்டித்தான் அனுப்பும். சாவி, இறக்கிய போனின் வயிற்றுக்குள் மட்டும் இருக்கும். அந்தச் சாவியையும் மாதாமாதம் நிறுவனம் புதுப்பிக்க வேண்டும். நிறுவனத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். கடைசித் தவணை இன்று மாலை ஆறு மணியோடு முடிகிறது.

“பழைய போன்ல தேதியப் பின்னால தள்ளி வெச்சா?”

“சந்தேகப்பட்டு ஒரேயடியாப் பூட்டிக்கும். அது உங்கள விட உஷார். ஒரே வழிதான். பழைய போன்ல ஓட விட்டு, பக்கத்துல புதுசுல பதிவு பண்ணுங்க. காத்துல வர்ற சத்தத்துக்கு எவனும் பூட்டுப் போட முடியாது. ஆனா நீங்க தும்மினா அதுவும் புத்தகத்துல சேந்துடும்.”

புத்தகத்தை வாசித்தது மச்சானின் அக்கா, மெக்கானிக்கின் மனைவி. போன வருடம் தொண்டையில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அவள் பேசுவதெல்லாம் கையடக்கப் பலகையில் எழுதித்தான். அவள் குரல் மிச்சம் இருந்தது இந்த மூன்று மணி பத்து நிமிட ஒலிப்புத்தகத்தில் மட்டும்.

வீட்டில் தெரு இரைச்சல். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத அலுவலகக் கட்டடம் ஒன்று மெக்கானிக்கின் பொறுப்பில் இருந்தது. மனைவியோடு லிஃப்டில் ஏறினார். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நிறுத்தி, போன்களுக்கு அழைப்பு வராதபடி செய்து, முனகிக்கொண்டிருந்த மின்விசிறியையும் அணைத்தார். இரண்டே முக்காலுக்குக் குரல் தொடங்கியது.

இருவரும் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேர்வை வழிந்தது. துடைத்தால் சட்டை உரசும். பலகையில் எழுதினால் பேனா கீச்சிடும். அவள் தன் குரல் வந்த போனையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கால் மரத்து, இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

ஐந்து நாற்பதுக்குக் கீழே நாலாம் மாடி லிஃப்ட் கதவைத் தட்டும் சத்தம்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இருபது வருடமாக, எந்த லிஃப்டை நிறுத்தினாலும் முதல் வேலையாகத் தொங்கவிடும் ‘பழுது’ பலகை இன்று பைக்குள்ளேயே கிடந்தது.

“உள்ள யாராவது மாட்டிக்கிட்டீங்களா?” வாட்ச்மேன்.

பதில் சொன்னால் தன் குரல் பதிவாகிவிடும். நிறுத்தி மறுபடி எடுக்க நேரமில்லை. இன்னும் பதினைந்து நிமிடப் புத்தகம், இருபது நிமிடத் தவணை. பல்லைக் கடித்துக்கொண்டார்.

அவள் குரல் மட்டும் வாசித்துக்கொண்டே போனது.

“அம்மா, உங்க சத்தம் கேக்குது. பயப்படாதீங்க. மெக்கானிக்குக்கு போன் போட்டேன், அந்தாளு எடுக்கல, எங்க தூங்குறாரோ. நீங்க பேசிக்கிட்டே இருங்கம்மா, நிறுத்திடாதீங்க.”

அவள் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பதறி எட்டிப் பார்த்தார். சிரிப்பு.

ஐந்து ஐம்பத்தைந்துக்குப் புத்தகம் முடிந்தது. ஆறுக்குப் பழைய போன் பூட்டிக்கொண்டது. பதிவை ஓட்டிப் பார்த்தார்கள்: அவள் குரலோடு வாட்ச்மேனும் தெளிவாக இருந்தார். மச்சானிடம் கொடுத்து அதை வெட்டிவிடலாம் என்றார். அவள் பலகையில் எழுதினாள்: ‘வேண்டாம். இருக்கட்டும்.’

லிஃப்ட் நாலாம் மாடிக்கு இறங்கியது. வாட்ச்மேன் மெக்கானிக்கை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அவ்வளவு நேரம் பேசினது யாருங்க?”

அவள் கையைத் தூக்கினாள்.