மூன்று சென்டிமீட்டர் கடல்

என் அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஏழு பறவைகள். ஏழும் கம்பியிலும் காகிதத்திலும் செய்தவை. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு, ஒரு வருஷம் கூடப்பிறந்தவனின் குரலைக் கேட்காமல் இருந்து பார்த்தால் தெரியும்.

எங்கள் இருவருக்கும் மாதிரி ரயில் பைத்தியம். நிஜ ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, அதற்கேற்ற ஸ்டேஷன், பாலம், மலை, மனிதர்கள் எல்லாம் செய்து பலகையில் ஓட்டுகிற பைத்தியம். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவன் போட்ட தண்டவாளத்தில் வண்டி தடம் புரண்டதாகச் சரித்திரமே கிடையாது. நான் பொய்ப்பல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். அச்சு எடுப்பது, பிளாஸ்டர் ஊற்றுவது, பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. ஆகவே தண்டவாளமும் வண்டியும் அவனுக்கு, நிலமும் நீரும் எனக்கு என்று ரொம்ப நாள் முன்பே பாகம் பிரித்துக்கொண்டோம். அதை மீறியது அவன்தான். போன வருஷக் கண்காட்சிக்கு, எனக்குத் தெரியாமல், தானே ஏழு கடற்பறவைகள் செய்து ஸ்டேஷன் கூரைமேல் உட்கார வைத்திருந்தான்.

பறவைகள் பெரிதாக இருந்தன. எதற்குப் பொய், ரொம்பவே பெரிதாக இருந்தன. பார்க்க வந்த ஒருவர், "என்னங்க, பறவை ஸ்டேஷன் மாஸ்டரையே தூக்கிட்டுப் போயிடும் போலிருக்கே?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? என் வாய் சும்மா இருக்குமா? "இதுங்க முட்டை போட்டா பிளாட்பாரத்துல ஆள் நிக்க இடம் இருக்காது" என்று என் பங்குக்கு ஒன்று போட்டேன். இப்போது பத்துப் பேர் சிரித்தார்கள். அண்ணன் பறவைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அன்றோடு பேச்சு நின்றது.

கூத்தைக் கேளுங்கள், அன்று காலையில்தான் அடுத்த வருஷத்துக்கான படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். கடலோர ரயில், இரண்டு பலகை, அண்ணனும் தங்கையும் சேர்ந்து. எங்கள் சங்கத்துச் செயலாளரை எல்லோரும் 'கார்டு' என்போம், கையில் பச்சைக் கொடி இல்லாமல் அவரைப் பார்த்தவர் இல்லை. பெயரைத் தனித்தனியாக மாற்றித் தரச் சொல்லி இரண்டு பேரும் தனித்தனியாகப் போய்க் கேட்டோம். "ஒரே இடம்தான் இருக்கு. சேர்ந்து வைங்க, இல்லாட்டி விட்டுடுங்க" என்று அவர் கையை விரித்துவிட்டார். விட்டுக்கொடுப்பது எங்கள் ரத்தத்திலேயே கிடையாது. அவன் வீட்டில் ஒரு பலகை, என் வீட்டில் ஒரு பலகை, கண்காட்சியன்று காலையில் இரண்டையும் இணைப்பது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அண்ணி.

அண்ணி நீச்சல் சொல்லிக் கொடுப்பவர். குளத்தின் அந்தக் கரையில் இருப்பவரை இந்தக் கரையிலிருந்து அதட்டிப் பழகிய தொண்டை. அண்ணனை அவன் என்பேன், அண்ணியை அவர் என்பேன், யாரும் சொல்லித் தந்ததில்லை, தானாக வருகிற மரியாதை. அவர்தான் எங்களுக்கிடையே சீட்டு சுமந்தார். 'தண்டவாளத்தின் நடு, பின்விளிம்பிலிருந்து இருபத்திரண்டு சென்டிமீட்டர். பலகையின் உயரம், தரையிலிருந்து நூற்றுப் பத்து.' நான் 'சரி' என்று எழுதி அனுப்புவேன். நான் ஏதாவது கேட்டால் அவனிடமிருந்தும் 'சரி' வரும். ஒவ்வொரு சீட்டையும் திருப்பிப் பார்ப்பேன், பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்கிறானா என்று. ஒரு தடவை இருந்தது. மளிகைக் கடைக் கணக்கு.

சரி, வாயால் முடியாததைக் கையால் முடித்துக்கொள்கிறேன் என்று களத்தில் இறங்கினேன். பரிசு யாருக்கு வேண்டும்? என் பலகையைப் பார்த்ததும் அவன் வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேரில் பார்க்காமல் நான் எதையும் செய்வதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கிளம்பியபோது அண்ணி போன் செய்தார். "நீ காலையிலேயே போயிட்டு வந்துடு. உங்க அண்ணன் மத்தியானம் போறாராம். அங்க போய் நீங்க ரெண்டு பேரும் முழிச்சிக்கிட்டு நிக்க வேண்டாம்." நல்ல யோசனை என்று ஏழு மணிக்கே போய்விட்டேன். கடல் வற்றிப் போய், அடியில் கிடந்ததையெல்லாம் வெளியே காட்டிக்கொண்டிருந்தது. படகுகள் சேற்றில் சாய்ந்து படுத்திருந்தன. தோணித்துறைக் கால்களில் கீழே பச்சைப் பாசி, அதற்குமேல் கறுப்பு, அதற்கும் மேல் வெள்ளைச் சிப்பிகள் என்று கோடு கோடாக இருந்தது. நோட்டில் வரைந்து, நிறம் குறித்துக்கொண்டு வந்தேன்.

பிறகு எட்டு மாதம் சேறுதான். பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டரில் தேயிலைத் தூளைக் கலந்து சேறு செய்தேன். பஞ்சை நறுக்கிச் சாயம் போட்டுப் பாசி செய்தேன். படகைக் கட்டிய கயிறு தொய்ந்து கிடக்க வேண்டும், அதற்கு நூலில் மெழுகு தேய்த்தேன். நண்டு வளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தினேன். நானூறு. என் வீட்டுக்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் யாரு எண்ணிப் பாக்கப் போறாங்க?" என்றார். பார்க்க வேண்டியவன் பார்ப்பான் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

கண்காட்சியன்று காலை ஏழு மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டோம். திறப்பு பத்து மணிக்கு. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பலகையைத் தூக்கி வைத்தான், நான் என்னுடையதை வைத்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்து, திருகு முடுக்கி, தண்டவாளத்தின் மூட்டை விரல் நகத்தால் தடவினான். நகம் எங்கும் தட்டவில்லை. வண்டியை எடுத்தான். இன்ஜினும் நாலு பெட்டிகளும் அவன் ஊரிலிருந்து என் ஊருக்குள் ஒரு சின்ன ஆட்டம்கூட இல்லாமல் வந்து சேர்ந்தன. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

"ஆமா, கடல் மட்டும் ஏன் நடுவுல படிக்கட்டு இறங்குது?" என்று கேட்டார் அண்ணி.

பார்த்தோம். அவன் பக்கம் தோணித்துறையின் விளிம்பு வரை தண்ணீர் தளும்பி நின்றது. படகுகள் நிமிர்ந்து மிதந்தன. என் பக்கம் கடல் எங்கோ தள்ளிப் போய், சேறு கிடந்தது. இரண்டும் சேரும் இடத்தில் அவன் கடல் என் சேற்றைவிட மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிட்டதுபோல நின்றது. நிஜக் கணக்கில் ஓர் ஆள் மூழ்கிப் போகும் உயரம். தண்டவாளத்துக்கு மில்லிமீட்டர் சுத்தமாகச் சீட்டு அனுப்பியவர்கள், கடலின் உயரத்தைப் பற்றி ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீ எத்தனை மணிக்குப் போன?" என்று கத்தினான் அண்ணன்.

ஒரு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. கோபமாகத்தான் வந்தது. இருந்தாலும் என் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்ததை மறைப்பானேன்.

"ஏழு மணிக்கு. நீ?"

"ஒரு மணிக்கு. ஆறு மணி நேரத்துல கடல் முழுசா ஏறிடும்னு உனக்குத் தெரியாதா?"

"இறங்கும்னு உனக்குத் தெரியாதா?"

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். "தப்பு என் மேலதான். நேரம் பிரிச்சு அனுப்பினவ நான்தானே" என்றார். அவர்மேல் யாருக்கும் கோபம் வரவில்லை.

என் சேற்றின்மேல், தண்ணீர்போலத் தெளிவாக இறுகும் ரெசினை ஊற்றி நிரப்பு என்றான் அவன். அத்தனை கனத்துக்கு ஊற்றினால் சூடேறி வெடித்துவிடும், இறுகவும் ஒரு நாள் ஆகும் என்றேன் நான். உன் கடலை அறுத்து எடு என்றேன். இரண்டு பேரும் குரலை உயர்த்தினோம். கார்டு கொடியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து, எங்கள் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பினார்.

சண்டை நடுவில்தான் அவன் கடலைச் சரியாகப் பார்த்தேன். அடியில் கரும்பச்சை, மேலே வரவரத் தெளிவு. ஐந்து தடவையாவது ஊற்றியிருப்பான். ஸ்டேஷன் விளக்குகள் அதில் நீளமாக விழுந்து கிடந்தன. நீர் என் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேனே, இவ்வளவு நல்ல நீர் நான் செய்ததில்லை. இதையா அறுக்கச் சொன்னேன் என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. திரும்பினால், அவன் என் சேற்றின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான்.

"இது என்ன ஓட்டை?"

"நண்டு வளை."

"எல்லாம் ஊசியா?"

"ஊசிதான்."

"எத்தனை?"

"நானூறு."

ஒரு வளையை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான். பிறகு, "இதை மூட முடியாது" என்றான்.

"உன்னோடதையும் அறுக்க முடியாது" என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்கு ஒன்று தோன்றியது. "அண்ணா, சில துறைமுகத்துல கதவு இருக்குமே. கடல் ஏறும்போது தண்ணிய உள்ள விட்டுக் கதவைச் சாத்திடுவாங்க. வெளியில வத்தினாலும் உள்ள கப்பல் மிதந்துக்கிட்டே இருக்கும்."

"கதவா?" என்று நிமிர்ந்தான். பன்னிரண்டு வருஷமாக லிஃப்ட் கதவுகளோடு மல்லுக்கட்டுகிறவன் அவன். "ரெண்டு கதவு. நடுவுல கூரா சேரணும், மூக்கு என் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கணும். அப்பதான் தண்ணியே அழுத்திச் சாத்தும். உன் பையில என்ன இருக்கு?"

என் பையில் பட்டறைச் சாமான் எப்போதும் இருக்கும். பத்து நிமிஷத்தில் இறுகும் பிளாஸ்டர் இருந்தது. அதே வேகத்தில் இறுகும் அக்ரிலிக்கும் இருந்தது, ஆனால் பொய்ப்பல்லுக்கு ஈறு வைக்கிற ரோஸ் நிறம். இரண்டு ஸ்கேல்களுக்கு நடுவே பிளாஸ்டரை ஊற்றி முப்பது சென்டிமீட்டருக்கு மதில் எடுத்தேன். பல் சுரண்டும் கம்பியால் கல் கல்லாகக் கீறினேன். அவன் ஈறில் கதவு வெட்டினான், பல் ராவும் என் அரத்தால் ஓரம் ராவினான். அண்ணி ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்தத் துறைமுகத்துக்குச் சொத்தைப் பல் வந்தா யாரு பாக்கறது?" என்று அவர் கேட்டபோது அண்ணன் சிரித்தான். கதவுக்குக் கறுப்படித்து, மதிலில் என் பக்கம் பாசிக் கோடு போட்டு, அடியில் ஈரம் தெரிய வார்னிஷ் தடவி முடித்தபோது மணி பத்தாக இரண்டு நிமிஷம்.

கார்டு கொடியை அசைத்தார், கூட்டம் உள்ளே வந்தது. அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதில் முனைந்துவிட்டான். ஒரு மணி நேரம் ஆகியும் என் பக்கம் திரும்பவில்லை. வேலைக்காகப் பேசினான், வேலை முடிந்தது, பேச்சும் முடிந்தது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவர் வந்து நின்றார். அண்ணன் பக்கத்தைப் பார்த்து, "அடடா, தண்ணி பிரமாதம்" என்றார். என் பக்கம் வந்து உதட்டைப் பிதுக்கினார். "இங்க வேலை முடியலையா? சேறா அப்பி வெச்சிருக்கீங்க. நேரம் பத்தலையோ?" பின்னால் நின்ற சிலர் சிரித்தார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஊரே பயப்படுகிற என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

வண்டி நின்றது. அண்ணன் ஸ்டூலை விட்டு எழுந்து சுற்றி வந்தான்.

"வேலை முடியாம இல்லீங்க. கடல் வத்தியிருக்கு. கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. அந்த ஓட்டை ஒவ்வொண்ணும் ஊசியால குத்தினது. நானூறு இருக்கு. என்னைச் செய்யச் சொன்னா நாப்பதுக்கே எழுந்து ஓடியிருப்பேன். என் தங்கச்சி செஞ்சது இது."

அவர் குனிந்தார். சிரித்தவர்களும் குனிந்தார்கள். சாய்ந்த படகின் அடிப்பக்கத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அவர் நிமிர்வதற்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

போன வருஷம் இதே மண்டபத்தில், இதே மாதிரி நாலு பேர் சிரித்தபோது நான் அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் அண்ணன் செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பதில் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். பறவை பெரிதா சிறிதா என்பதல்ல அவன் கோபம் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்திருக்கிறது. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, அன்னைக்கு நான் சிரிச்சது தப்பு. என்னை மன்னிச்சிடு" என்றேன். அதற்குமேல் முடியவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

அண்ணன் என்னைப் பார்த்தான், மதிலைப் பார்த்தான், அவசரமாக என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

"தள்ளி நின்னு அழு. வார்னிஷ் இன்னும் காயல."