முள்ளெடுத்த மத்தி

போன் ரிப்பேர்காரனுக்கு மீன் வாங்கத் தெரியாது என்பதை மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்கா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அவன் கண்ணைப் பார்க்கவில்லை, செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை. "இதுல எது விலை கம்மிக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"இந்தத் தராசுதான். பத்து வருசமா ஓசியில உழைக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். பிறகு அவளே இரக்கப்பட்டு, கடை கட்டும் நேரத்துக்கு வரச் சொன்னாள். வயிறு உடைந்த மத்தி அப்போது பாதி விலைக்குக் கிடைக்கும். ருசி என்னவோ வயிறு உடையாத மத்தியின் ருசிதான்.

மீன் என்று ஆரம்பித்தது ஆஸ்பத்திரி நர்ஸ். அவன் மகளுக்கு ஐந்து வயது. பெயர் எதுவானாலும் கூப்பிடுவது பட்டாணி. அம்மா வெளிநாடு போன நான்கு மாதத்தில் பட்டாணி காய்ந்த பட்டாணியாகிவிட்டாள். நர்ஸ் எடை அட்டையில் கோடு போட்டுக் காட்டினாள். "கறியும் முட்டையும் தினமும் கட்டுப்படி ஆகாதுன்னா சின்ன மீனா வாங்கிக் குடுங்க. மூணு மாசத்துல எடை ஏறணும்."

செய்தி அவனுடைய அக்கா காதுக்குப் போயிற்று. ராத்திரி முழுக்க ரயிலில் போனால்தான் அவள் ஊர் வரும். போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "மூணு மாசம் பாக்குறேன்டா தம்பி. ஏறலைன்னா பிள்ளைய நான் கூட்டிட்டு வந்துடுவேன். உன் பொண்டாட்டிகிட்டயும் பேசிட்டேன்." அக்கா கெட்டவள் இல்லை. நல்லவர்களிடம்தான் எதிர்த்துப் பேச வாய் வராது, என்ன செய்வது. மனைவி எங்கோ ஒரு படுக்கைக் கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவளும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றால் அந்த ஒற்றை அறை வீட்டில் அவன் சுவரோடுதான் பேச வேண்டும்.

ஆகவே மத்தி. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, அப்படிச் சமையல். ஒரு நாள் தக்காளி போட்டு வேகவைத்தான். ஒரு நாள் உருளைக்கிழங்கோடு பிசைந்து உருட்டினான். மாதக் கடைசியில் ஒரு கரண்டி எண்ணெயில் திருப்பித் திருப்பி வாட்டினான். கடுகளவு திருகாணியைச் சிந்தாமல் கழற்றுகிற கை மீனின் வயிற்றைக் கீறும்போது கோணல்மாணலாகப் போயிற்று. பட்டாணி முக்காலி மேல் ஏறி நின்று தக்காளி கழுவுவாள், உப்புப் போடுவாள், கேள்வி கேட்பாள்.

"இதுக்கு ஏம்ப்பா கண்ண மூடத் தெரியல?"

"அதுக்கு இமை கிடையாது கண்ணு."

"அப்ப எப்படி அழும்?"

"தண்ணிக்குள்ள அழுதா யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் ஒரு மீனை எடுத்துத் தண்ணீருக்குள் முக்கி, குனிந்து அதன் கண்ணைப் பார்த்தாள்.

முதல் வாரம் ஒரு முள் தொண்டையில் குத்தி, பிள்ளை முகம் நீலம் பாரிக்க அழுதுவிட்டாள். அன்றோடு அவன் சபதம் எடுத்தான். கடையிலிருந்து புது இடுக்கி ஒன்றும் பழைய பூதக்கண்ணாடியும் வீட்டுக்கு வந்தன. மேசை விளக்கடியில் மீனை வைத்து, கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முள்ளாக உருவுவான். மயிர் போன்ற முள்ளும் தப்பாது. ஒரு மீனுக்குக் கால் மணி நேரம். போன் ரிப்பேரில் இந்தப் பொறுமையைக் காட்டியிருந்தால் இன்னொரு கடை திறந்திருப்பான்.

தட்டில் சோறு ஒரு பக்கம், முள்ளெடுத்த மீன் ஒரு பக்கம் வைத்து உட்காரும்போது சரியாக அம்மாவின் வீடியோ கால் வரும். கிழவர் டிவியில் செய்தி பார்க்கும் பத்து நிமிடம்தான் அவளுக்கு ஓய்வு.

"என்னடி, இன்னைக்கும் மீனா? எனக்கு எங்க?"

"உங்களுக்கு எடுத்து வெச்சிருக்கேம்மா!"

"பெரிய துண்டா?"

"பெரிய துண்டு!"

மூன்று பேரும் சிரிப்பார்கள். தினமும் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு.

போன் வைத்ததும் அவன் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் குழாய்க்கு ஓடுவான். மாடியில் இருக்கும் வீட்டுக்காரருக்கு மீன் வாடை ஆகாது. ஒரு தடவை இறங்கி வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டே வாடகை பற்றிப் பேசிவிட்டுப் போனார். சட்டியைத் தேய்த்து முடிப்பதற்குள் பட்டாணி தட்டைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டு வருவாள். "காலி!" அவன் அக்காவுக்குச் செய்தி அனுப்புவான்: 'இன்றைக்கும் வழித்துச் சாப்பிட்டாள்.' அனுப்பும்போது மார்பு கொஞ்சம் விரியும்.

மூன்று மாதம் முடிந்தது. தராசில் ஏற்றிப் பார்த்த நர்ஸ், அட்டையைப் பார்த்தாள், மறுபடி தராசைப் பார்த்தாள். "முந்நூறு கிராம் குறைஞ்சிருக்கே."

"தராசு தப்புங்க," என்றான். ரிப்பேர்காரன் புத்தி போகுமா? குனிந்து தராசின் கால்களை ஆட்டிப் பார்த்தான். அவள் ஒரு கிலோ பருப்பு மாவுப் பொட்டலத்தை எடுத்துத் தராசில் வைத்தாள். ஒரு கிலோதான் காட்டியது.

"தினமும் மீன் சாப்பிடுறா சிஸ்டர்."

"நீங்க கூட உக்காந்து பாக்குறீங்களா?"

"ஆமா." சொல்லும்போது அது பொய் என்று அவனுக்கே தெரியாது.

செய்தி போய், இரண்டே நாளில் ஊரிலிருந்து அக்கா வந்து இறங்கினாள். வந்தவள் சும்மா இருப்பாளா? துணி மடித்தாள், அலமாரி துடைத்தாள், கடைசியில் ஃபிரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்து போட்டாள். பட்டாணியைவிட ஒரு சாண் உயரமான சின்ன ஃபிரிட்ஜ் அது. மேலே ஐஸ் அறை முழுக்கப் பனி ஏறி, அதற்குள் ஒரு பழைய பெரிய ஐஸ்கிரீம் டப்பா அடி ஒட்டிக் கிடந்தது. அன்றன்றைய மீன் அன்றன்றைக்கே தீர்ந்துவிடுவதால் அவனுக்கு அந்த அறையில் வேலை இல்லை. காலி டப்பா, என்றைக்காவது பெயர்த்தெடுக்கலாம் என்று விட்டிருந்தான்.

அக்கா பெயர்த்தெடுத்தாள். "என்னடா இது, இந்தக் கனம் கனக்குது?"

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பட்டாணி ஓடி வந்தாள். "தொடாதீங்க அத்தை! அது அம்மாவோடது!"

உள்ளே மத்தி. முள்ளெடுத்த மத்தி. துண்டுக்கு மேல் துண்டாக அடுக்கி, விளிம்பு வரை இறுகியிருந்தது. ஓரத்தில் உருளைக்கிழங்கு உருண்டைகள் இரண்டு.

"நான் சோறு சாப்பிட்டேன்பா," என்றாள் பட்டாணி, திட்டு விழும் என்ற பயத்தில். "மீனு அம்மாவுக்கு. அம்மாதானே தினமும் கேக்குறாங்க."

அவன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். அந்த முக்காலியில் ஏறித்தான் அவள் ஐஸ் அறையை எட்டியிருக்கிறாள். பத்தடி தள்ளி அவன் சட்டி தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சொல்லி வைத்ததுபோல் போன் அடித்தது. பட்டாணி டப்பாவைத் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். "பாருங்கம்மா, எல்லாம் இருக்கு. அத்தை ஃபிரிட்ஜ அணைச்சிட்டாங்க, கரையுது. சீக்கிரம் வாங்க."

அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா சும்மா கேட்டேன்டி தங்கம். விளையாட்டுக்கு. நீ சாப்பிடணும்."

"சும்மாவா?" பட்டாணியின் முகம் சுருங்கியது. "அப்ப வரேன்னு சொன்னதும் சும்மாவா?"

அங்கே கிழவரின் மணி அடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள். மணி மறுபடி அடித்தது. எழுந்து போய்விட்டாள். போகாமல் என்ன செய்வாள்?

"இப்பத் தெரிஞ்சுபோச்சுல்லக்கா?" என்று அவன் கெஞ்சினான். "இனிமே பக்கத்துலயே உக்காந்து ஊட்டிவிடுறேன். ஒரே ஒரு மாசம் குடுக்கா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனது இளகியது போலத்தான் இருந்தது. "நீ பாசமில்லாதவன்னு நான் சொல்லலடா. முள்ளு முள்ளா பாத்து எடுத்திருக்க. பிள்ளை சாப்பிட்டாளான்னு பாக்கலையே. மூணு மாசம் தெரியலையே தம்பி. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவன் பட்டாணியின் துணிகளைப் பையில் அடுக்கிக் கொடுத்தான். மறுநாள் இருவரையும் ரயில் ஏற்றிவிட்டான். ஜன்னல் வழியே பட்டாணி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: டப்பா எங்கே? கரைந்து கெட்டுப்போன மீனைக் காலையிலேயே கொட்டிவிட்டதை அவன் சொல்லவில்லை. "பத்திரமா இருக்கு" என்றான்.

அடுத்த நாள் கடை கட்டும் நேரத்தில் கால்கள் அவனைக் கேட்காமலேயே மார்க்கெட்டுக்குப் போயின. மீன் விற்கும் அக்கா கணக்குப் பார்க்காமல் வழக்கம்போல் இரண்டு பேர் மீனைப் பொட்டலம் கட்டினாள். அவனும் வாங்கிக்கொண்டான். சமைத்தான். விளக்கடியில் உட்கார்ந்து இடுக்கியால் முள் எடுத்தான். யாருக்கு எடுக்கிறோம் என்று பாதியில்தான் உறைத்தது. நிறுத்தவில்லை.

போன் அடித்தது. அத்தை வீட்டிலிருந்து பட்டாணி. பின்னால் நிறையக் குரல்கள், தட்டுச் சத்தம்.

"அப்பா, என்ன சாப்பாடு?"

"மீனு கண்ணு."

"எனக்கு?"

அவன் மேசையைப் பார்த்தான். கழுவிக் காயவைத்த ஐஸ்கிரீம் டப்பா திறந்திருந்தது.

"எடுத்து வெச்சிருக்கேன்டா."

"பெரிய துண்டா?"

அவன் சொல்ல முயன்றான். தொண்டையில் ஏதோ குத்தியது. அத்தனை முள்ளையும் எடுத்திருந்தான்.