ஏழு தீவுக்கும் ஒரே மந்தை

நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் கடல் உயிரினத் துறை ஆரம்பித்தார்கள். அந்த வட்டாரத்தில் உப்புத்தண்ணி என்றால் ஆயிரம் அடி போர்வெல்லில் வருவதுதான். அதில் திமிங்கலம் ஏறாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. துறைத்தலைவர் இளஞ்செழியன். துறையும் அவரேதான். மூன்று வருஷமாகியும் ஓர் ஆய்வு கிடையாது. பார்வையிட வரும் குழு கையெழுத்துப் போடாவிட்டால் துறைக்குப் பூட்டு. அவருக்குப் பழையபடி டுடோரியல்.

ஆகவே மேற்குக் கடலில் ஏழு குட்டித் தீவுகளைச் சுற்றித் திமிங்கலமும் டால்பினும் எத்தனை வகை என்று கணக்கெடுக்கப் படகேறினார். துணைக்குக் கல்லூரி வாட்ச்மேன் பொன்னன். மேச்சேரிப் பக்கத்து ஆட்டுக்காரர். இருநூறு ஆடு ரோட்டைத் தாண்டுவதற்குள் எண்ணி, எந்த ஆட்டுக்குச் சளி என்றும் சொல்லிவிடுவார்.

இளஞ்செழியன் வாந்தி வாளியைக் கட்டிக்கொண்டே எண்ணினார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு, ஆறு வகை. வெயிலில் தெரிந்தது ஒரு வகை, நிழலில் தெரிந்தது இன்னொன்று. வயிறு பெருத்த ஒன்றைத் திமிங்கலத்தில் சேர்த்தார்.

"பொன்னண்ணா, உங்க கணக்கு?"

"அம்பத்தொம்பதுங்க சார். எல்லாம் ஒரே வகை டால்பினுங்க."

"என்னது!"

"ஒரே மந்தைங்க. நமக்கு முன்னாலயே அடுத்த தீவுக்குப் போயிருது. துடுப்புல அருவா வெட்டாட்டம் ஒண்ணு இருந்துச்சில்லீங்க? ஏழு தீவுலயும் அதுதான் முன்னால வந்துச்சு. நாலாந்தீவுல மட்டும் ஒண்ணு குறைஞ்சுதுங்க. அதுக்கு வயித்துக்கடுப்பு."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இலவசமா ஆடு குடுத்தாங்களேங்க. அதை எண்ண ஆபீசர் வாரதுக்குள்ள எங்காளுங்க அறுத்துத் தின்னுபோட்டாங்க. என் மந்தையத்தான் அஞ்சு ஊர்ல காட்டுனோம். அவர் ஜீப்பு ரோட்டுல சுத்தி வரோணும். ஆடு காட்டுக்குள்ள குறுக்கால போயிரும். காதறுந்த கிடாய் அஞ்சு ஊர்லயும் அவரை மொறைச்சுது. மனுசன் கண்டுக்கவே இல்லீங்க."

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க!"

"எனக்கெதுக்குங்க சாமி."

குழு வந்தது. தலைவி தெய்வநாயகி, கடலாராய்ச்சியில் பெரிய புள்ளி. திரையில் கணக்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நானூத்திப் பன்னிரண்டுதானா? பத்து வருஷத்துக்கு முன்னால நான் எண்ணினது இதுபோல ரெண்டு மடங்கு. உங்க துறை எதுக்கு சார்?" தன் புத்தகத்தை மேசைமேல் போட்டார். இளஞ்செழியனுக்கு டுடோரியலின் கரும்பலகையே கண்முன் வந்துவிட்டது.

டீ கொண்டுவந்த பொன்னன் அட்டைப்படத்து டால்பினைக் குனிந்து பார்த்தார்.

"அட, அதே வெட்டுங்க! ஏனுங்கம்மா, நீங்க எத்தனை தீவு சுத்துனீங்க?"

"பதினாலு. ஏன்?"

பொன்னன் விரல்கணுவில் எண்ணினார். "அப்போ எண்ணூத்தி இருவத்தாறு வந்திருக்கோணுமே?"

அந்த அம்மா புத்தகத்தைத் திறக்கவில்லை. எண்ணூற்று இருபத்தாறு என்பது அட்டையிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேனா கேட்டார்.

கையெழுத்து விழுந்தது. கீழே ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த ஆய்வு கடற்பாசியைப் பற்றி இருக்கட்டும், அது இடம் விட்டு இடம் போகாது.

இளஞ்செழியன் அதை வாய்விட்டுப் படித்தார். டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த பொன்னன் நிமிர்ந்தார்.

"போகோணும்னாச் சொல்லுங்க சார், ஓட்டிப்போடலாம்."