முடிசூட்டு விருந்தின் மெனு அட்டை

"என்னப்பா இது, இப்படி மின்னுது?"

ஜெயமாலாவின் குரலில் இன்னும் கோபம் ஏறவில்லை. மேசைமேல் கிடந்ததை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எதிரே அவள் கணவர் கிருபானந்தன், பரிசு கொடுத்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருப்பவரின் முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"லேமினேட் பண்ணிட்டேன். நல்ல திக் பிளாஸ்டிக். ரெண்டு தரம் மெஷின்ல விட்டு எடுக்கச் சொன்னேன். இனி டீ கொட்டினாலும் தொடைச்சிட்டுப் போயிடலாம்."

ஜெயமாலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கிருபானந்தன் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் சொந்தத்தில் பாதிப் பேர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்கள்தான். பிறப்புச் சான்றிதழ், பரீட்சை முடிவு, கல்யாணப் பதிவு, ஏன், ஜாதகம்கூட, கைக்கு வந்தவுடன் பிளாஸ்டிக்குக்குள் போய்விடும். தாள் கிழிந்தால் பென்ஷனே நின்றுவிடும் என்ற பயம் அந்த மனிதர்களுக்கு. அந்த வீட்டில் லேமினேட் ஆகாமல் தப்பித்திருந்தவை இரண்டே: கிருபானந்தனும், ஜெயமாலாவின் சேகரிப்பும். இப்போது ஒன்று போய்விட்டது.

"இது எவ்ளோ பழசு தெரியுமா உங்களுக்கு?"

"அதனாலதான் பண்ணேன் லா. பழசுதானே கிழியும்?"

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா அது சர்ப்ரைஸ் ஆகுமா?"

அது ஒரு மெனு அட்டை. வெள்ளைக்கார ராணிக்கு முடிசூட்டிய அன்று, கிள்ளானில் இருந்த ரோயல் கிரெசென்ட் ஹோட்டலில் நடந்த விருந்துக்காக அச்சடித்தது. மேலே தங்க மையில் கிரீடம், ஓரமெல்லாம் சிவப்பும் நீலமுமாக ரிப்பன். பின்பக்கம் ஹோட்டல் விளம்பரம்: எல்லா அறையிலும் மின்விசிறி, கேட்ட நேரத்தில் வெந்நீர், ரயிலில் வருபவர்களுக்கு ஸ்டேஷனில் கார். ஹோட்டல் இடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பழைய பேப்பர் வாங்க வரும் லோரிக்கார லட்சுமணனின் மூட்டையில் இருந்து ஜெயமாலா அதை இழுத்தெடுத்திருந்தாள்.

"எல்லார் வீட்டுலயும் அந்த லோரி வந்தா பேப்பரப் போடுவாங்க, எங்க வீட்டம்மா வாங்கிட்டு வருவாங்க" என்று கிருபானந்தன் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைப்பார். பெட்டிகளில் ஒட்டும் ஹோட்டல் லேபிள்கள், தீப்பெட்டிகள், அரச விழாக்களின் தகர டப்பாக்கள் எல்லாமே அவருக்குக் குப்பை. அந்தக் குப்பைக்காக அவர் வெயிலில் நடந்து கடைக்குப் போனது இதுதான் முதல் தடவை. அதனால் வாய் நிறையத் திட்டவும் ஜெயமாலாவால் முடியவில்லை.

"பிரிச்சிட முடியாதா?" அவர் மெல்லக் கேட்டார்.

"பிரிச்சா கிரீடம் பிளாஸ்டிக்கோட வந்துடும்."

"அப்போ சனிக்கிழம?"

சனிக்கிழமை கிள்ளானில் பழம்பொருள் கண்காட்சி. பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்து அதில் கண்காட்சி நடத்தும் சுதர்சினி, அந்த அட்டையைப் பார்த்துத்தான் வாசலுக்கு நேரே உள்ள கண்ணாடிப் பெட்டியை ஜெயமாலாவுக்கு ஒதுக்கியிருந்தாள். 'ஜெயமாலாவின் சேகரிப்பு' என்று பெயர்ப்பலகைகூடத் தயாராகிவிட்டது.

மறுநாள் இருவரும் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனார்கள். அட்டை அவள் மடியில் இருந்தது.

"நான் பேசிக்கிறேன்" என்றார் கிருபானந்தன்.

"நீங்க பேசவே வேணாம்."

சுதர்சினி உறையைப் பிரித்தவுடன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ ஆன்டி! யாரு பண்ணா?"

கிருபானந்தன் பள்ளிக்கூடத்தில் போலக் கையைத் தூக்கினார். "நான்தான் மேடம்."

"அங்கிள், நீங்களா!" அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. "ஆன்டி, கண்ணாடிக்குள்ள ஒரிஜினல் பேப்பர்தான் வெக்கலாம்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். உங்களுக்கு மட்டும் விட்டா மத்தவங்க என்னைச் சும்மா விடமாட்டாங்க. லேபிள், டப்பாலாம் வேற ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு. முன்னாடி பெட்டிய வேற யாருக்காச்சும்தான் கொடுக்கணும்."

"மேடம், தப்பு என்னோடது. அவங்கள எடுத்துடாதீங்க. வேணும்னா என் பேர எழுதிப் போடுங்க, நாசம் பண்ணவர்னு."

"சும்மா இருங்கப்பா" என்றாள் ஜெயமாலா.

அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பெட்டிக்குப் பெட்டி, தொடாதீர்கள் என்று மூன்று மொழிகளில் ஒட்டியிருந்தது. ஏணியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவர்கூட, ஒரு பெட்டியின் ஓரத்தில் கைபட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"சுதா, இங்க தொடறதுக்குன்னு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"தொடறதுக்கா? ஒண்ணுமில்லயே ஆன்டி."

"கண்ணாடிக்குள்ள இருந்தா இந்த அட்டையோட முன்பக்கம் மட்டும்தான் தெரியும். விளம்பரம் பின்னாடி இருக்கு. கையில எடுத்தாத்தானே திருப்ப முடியும்? இத இப்போ யார் வேணும்னாலும் எடுக்கலாம். டீ கொட்டினாலும் தொடைச்சிக்கலாமாம், உங்க அங்கிள் சொல்றாரு."

சுதர்சினி அட்டையைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். பிறகு உள்ளே போய் ஒரு மேசையைத் தானே இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டாள்.

சனிக்கிழமை கூட்டம் வந்தது. கண்ணாடிகளின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தவர்கள், மேசைக்கு வந்ததும் நின்றார்கள்.

"இதத் தொடலாமா அக்கா?"

கேட்டவள் போர்ட் கிள்ளானில் இருந்து வந்த மும்தாஜ்.

"எடுங்க, எடுங்க. திருப்பிப் பாருங்க."

மும்தாஜ் மெனுவை விரல் வைத்துப் படித்தாள். பாதியில் சிரித்துவிட்டாள். "வாயில நொழையாத பேரு போட்டிருக்கான். தேங்காப்பால், மீனு, மஞ்சள்னு கீழ எழுதியிருக்கே! இது நம்ம மீன் சொதிதானே அக்கா?"

"அதேதான்! தொரைங்களுக்குச் சொதின்னு சொன்னா எறங்குமா?"

பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அட்டை கைமாறிக் கைமாறிப் போனது. யாரோ விளம்பரத்தை உரக்கப் படித்தார்கள். "ஸ்டேஷனுக்குக் காராம் லா, அந்தக் காலத்துலயே!" ஜெயமாலாவுக்கு உட்கார நேரமில்லை. அவள் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பியபோது, கிருபானந்தன் அவள் இடத்தில் நின்று, அவள் வீட்டில் ஆயிரம் தடவை சொல்லி அவர் காதில் விழாததாகவே அவள் நினைத்திருந்த கதையை, ஒரு வரி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கிரீடம் இருக்கே, அது அச்சு மை. தங்கத்தூள் கலந்தது. எங்க வீட்டம்மா கண்டுபிடிச்சாங்க."

மாலையில் மும்தாஜ் மறுபடியும் வந்தாள். வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தாள். கைப்பையில் இருந்து ஒரு காகித விசிறியை எடுத்தாள். மடிப்புகள் பழுத்திருந்தன, விரித்தால் நடுவில் பிறைநிலா, அதைச் சுற்றி ரோயல் கிரெசென்ட் ஹோட்டலின் பெயர்.

"எங்க மாமியார் பெட்டியில கிடந்தது. எனக்கு வெச்சிருந்து என்ன செய்ய? உங்ககிட்ட இருந்தா நாலு பேர் பார்ப்பாங்க."

சுதர்சினி ஓடி வந்து பார்த்துவிட்டு, "ஆன்டி, முன்னாடி பெட்டி இன்னும் காலியாத்தான் இருக்கு, யாருக்கும் கொடுக்க மனசு வரல. இத வெச்சிடலாமா? ஒரிஜினல் பேப்பர்!" என்றாள்.

கிருபானந்தன் சட்டைப்பையில் இருந்து கைக்குட்டையை எடுத்துக் கை இரண்டையும் துடைத்துக்கொண்டார். பிறகு, பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் விசிறியை வாங்கினார்.

"மெதுவா, மெதுவா" என்றாள் ஜெயமாலா.

"தெரியும் லா."

"அப்புறம் என்ன செய்யணும்னு நெனக்கிறீங்க?"

"ஒண்ணும் செய்யக் கூடாது" என்றார் அவர். "உன்னைக் கேக்காம மூச்சுகூட விடமாட்டேன்."